பங்குக் கப்பல்

பால்மாவு டின்களோடு அந்தப் பெட்டியும் லாரியிலிருந்து இறங்கியபோது, அதற்குள் இருப்பது கப்பல் என்று யாரும் நம்பவில்லை. மூடியில் கப்பல் படம் இருந்தது உண்மைதான். ஆனால் போன தடவை கம்பளி வந்த பெட்டியின் மேல் ஆப்பிள் படம் இருந்தது. கீழ் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அன்று பொழுது சாயும்வரை ஆப்பிள் கேட்டு அழுதார்கள். அதற்குப் பிறகு பெட்டிமேல் இருக்கும் படத்தை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் பொருட்படுத்துவதில்லை.

பெட்டியைப் பிரித்தவள் மருதாயி. பிள்ளைக்காம்பராவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள், சட்டி பானைகளோடு அந்தப் பெயரையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். கோத்தகிரிக்குக் கீழே காட்டை அழித்து அரசாங்கம் புதிதாகப் போட்ட தோட்டம். அறையின் வாசலில் தொங்கிய பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள் அடுக்கியிருந்தன. முருங்கைக் காம்பில் இலைகள் ஒட்டியிருப்பதுபோல, ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டியிருந்தன. பல் பசை மாதிரி ஒரு குட்டி ட்யூப் இருந்தது. அழுத்தினால் எதுவும் வரவில்லை. உள்ளே கல்லாய் இறுகிப் போயிருந்தது.

இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை. கப்பலிறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஒருவர் மூன்று கம்பளி எடுத்துக்கொண்டு இரண்டு மண்டைகள் உடைந்த நாளிலிருந்து, வந்தது எதுவானாலும் வீட்டுக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே துண்டுகளைச் சட்டத்திலிருந்து ஒடித்தார்கள். இறைச்சிக்குக் கூறு போடுவதுபோல வீட்டுக்கு ஒரு கூறாகத் தரையில் பரப்பினார்கள். பெயர் சொல்லும் முறை வீரையாவுக்கு; எந்தக் கூறு என்று தெரியாமலிருக்க முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"இது யாருக்கு?" என்று மருதாயி ஒரு கூறைத் தொட்டாள்.

"அய்யாவு வீட்டுக்கு."

"இது?"

"தனபாக்கியத்துக்கு."

அய்யாவு வீட்டுக்குக் கப்பலின் வயிற்றில் ஒரு பாதி போயிற்று. தனபாக்கியத்துக்குப் புகைபோக்கி. பெயர் சொல்லுகிறவருக்குக் கடைசிக் கூறு என்பது வழக்கம். கடைசியில் மிஞ்சியிருந்தது வயிற்றின் மறு பாதி. முழங்கை நீளத்துக்கு, படகுபோல அழகாக இருந்தது.

"ஒத்தக் கட்டைக்கு இம்மாம் பெரிய பங்கா?" என்றாள் தனபாக்கியம்.

வீரையா திரும்பினார். "கார்டுல நான் ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் வீரையான்னு போட்டிருக்கு. கீழ ஒரு பேரும் இல்லன்னா அது என் குத்தமா?"

அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் இலங்கையிலேயே குடியுரிமை கிடைத்தது. அவருக்கு இந்தியா என்று வந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தனபாக்கியம் புகைபோக்கியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

துண்டுகள் போக வெறும் சட்டக் குச்சிகள் மிஞ்சின. அவை காம்பராவின் பங்கு என்று சொல்லிவிட்டார்கள். மருதாயி அவற்றைச் சேர்த்துக் கட்டி, தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டாள். காற்றில் ஒன்றோடு ஒன்று உரசிக் கிலுகிலுத்தது. கப்பல் படம் போட்ட மூடியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். படத்தில் கப்பலின் எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் தூங்கும் மதியங்களில் அவள் அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலைமன்னாரில் தான் ஏறிய கப்பலில் இப்படி ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்திருப்பார்களோ என்று தோன்றும். அவள் கண்டதெல்லாம் மூட்டைகளும், வாந்தியெடுக்கும் சனமும்தான்.

மழை விட்ட ஒரு காலையில் சூப்பர்வைசர் சில்வஸ்டர் காம்பராவுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கேட்டார்.

"மருதாயி, அந்தக் கப்பல் எங்க?"

"எந்தக் கப்பல் சார்?"

"பால்மாவோட வந்துச்சே."

"அது கப்பலா வரலீங்களே சார். துண்டு துண்டா வந்துச்சு. பங்கு போட்டுட்டோம்."

சில்வஸ்டர் வண்டியை அணைத்தார். உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். "கப்பலப் பங்கு போட்டீங்க."

"எல்லாருக்கும் சமமாத்தான் சார்."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பால்மாவு அனுப்பும் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா அடுத்த வியாழக்கிழமை வருகிறாள். பிள்ளைகளை அந்தப் பொம்மையோடு உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். வேறொரு தோட்டத்துக்கு அனுப்பிய சாமான் சந்தையில் விலை போனதைப் பார்த்துவிட்டு, அங்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாளாம். பால் நின்றதும் அங்கே காம்பராவையும் மூடிவிட்டார்கள்.

"கப்பல் எங்கன்னு கேட்டா வித்துட்டோம்னுதான் நெனைப்பாங்க. உன் வேலையும் போகும், இதுங்க பாலும் போகும். வியாழக்கிழமைக்குள்ள கப்பல் கப்பலா நிக்கணும்."

அவர் போனபிறகு மருதாயி தொட்டில்களைப் பார்த்தாள். ஓடையில் வழுக்கி முழங்கால் போனதிலிருந்து அவளால் கூடை சுமக்க முடியாது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மூடிய தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். இங்கே வேலாயியின் மகனுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவனுக்குத் தும்மல் வந்தாலே முகம் நீலம் பாரித்துவிடும்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

ஒவ்வொரு வீட்டிலும் பங்குக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கொடிமரம் பாவாடைக்கு நாடா கோக்கும் குச்சியாகியிருந்தது. குட்டிப் படகுகளில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். மேல்தளத்தில் சோப்பு இருந்தது. நங்கூரம் ஒரு பெண்குழந்தையின் அரைஞாணில் தாயத்தோடு தொங்கியது. அய்யாவு வீட்டுப் பாதியில் கோழிக்குஞ்சுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தனபாக்கியம் புகைபோக்கியில் ஊதுவத்தி சொருகி முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

"படம் எடுத்ததும் அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கே வந்துரும்," என்று மருதாயி ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். "நான் சொன்னா சொன்னதுதான்."

வீரையா தன் பாதியிலிருந்த புகையிலையை ஒரு துணியில் கொட்டிவிட்டுக் கொடுத்தார். "எத வச்சி ஒட்டப்போற?"

"மைதாப் பசை."

"நோட்டீஸ் ஒட்டவா போற? போ, ஒட்டிப் பாத்துட்டு வா."

மைதாப் பசை ஈரமாக இருக்கும்வரை பிடித்தது. காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்தது. பெட்டி செய்யும் ஆசாரியிடமிருந்து வஜ்ஜிரப் பசையைக் கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்தாள். மரத்தைக் கவ்விக்கொள்ளும் அந்தப் பசை, வழவழத்த பிளாஸ்டிக்கிலிருந்து வாழைத் தோல் உரிவதுபோல ஒரே இழுப்பில் உரிந்தது.

வீரையா இதற்காகவே காத்திருந்தவர்போல வந்தார். களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். கப்பலேறும்போது மற்றவர்கள் குத்துவிளக்கையும் அம்மிக் குழவியையும் கட்டினார்கள். அவர் கட்டியது கைப்பிடி அளவுக்கு உருட்டிய ஒட்டுப்பால், மரத்திலேயே காய்ந்து இறுகிய ரப்பர் பால். அதைச் சீவிப் பெட்ரோலில் ஊறவைத்தால் தேன்போல ஒரு பசை வரும். இரண்டு லயத்துச் செருப்புகளும் குடைகளும் அதில்தான் உயிர் வாழ்ந்தன. உலகத்தில் ஒட்டுவதற்கு வேறொன்றும் வேண்டாம் என்பது அவருடைய முடிவு. சில்வஸ்டரின் வண்டியிலிருந்து பெட்ரோல் கேட்டு வாங்கினார். இரண்டு பாதிகளின் விளிம்பிலும் தாராளமாகத் தடவினார். சேர்த்து அழுத்திக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இதுல ஒரு வசதி. வேணாம்னா நகத்தால உரிச்சிரலாம். உன் வாக்கும் நிக்கும்."

மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்ததும் கப்பல் அவரைக்காய்போல இரண்டாகத் திறந்துகொண்டது. அதுவாவது போகட்டும். பெட்ரோல் பட்ட இடமெல்லாம், பனிக்காலத்தில் குதிகாலில் விழும் வெடிப்புபோல, மெல்லிய வெள்ளைக் கீறல்கள் விழுந்திருந்தன. வீரையா அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரப்பர் மேல தப்பு இல்ல, புள்ள."

"இல்ல மாமா. பெட்ரோல்தான்."

அவர் போனபின் மருதாயி விளிம்பை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பெட்ரோல் தேங்கியிருந்த ஓரிடத்தில் நகத்தின் அடையாளம் பதிந்து அப்படியே நின்றது. கல்லாய் இருந்தது அங்கே மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. மேலே எதையாவது தடவி ஒட்டப் பார்ப்பதுதான் தப்பு என்று அவளுக்குப் பட்டது. இரண்டு விளிம்பையும் இளக்கிவிட்டால், அவையே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அரைகுறையாக இளக்கிக் கெடுக்கும் பெட்ரோல் இல்லை, முழுசாக இளக்கும் ஏதோ ஒன்று வேண்டும்.

சில்வஸ்டரின் மனைவி நகப்பூச்சை அழிக்க ஒரு குட்டிச் சீசா வைத்திருந்தாள். அதில் ஒரு சொட்டுக் கேட்டு வாங்கி, தொட்டில்மேல் தொங்கிய குச்சி ஒன்றில் விட்டாள். குச்சி பிசுபிசுத்தது. இன்னொரு குச்சியை வைத்து அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. ஆனால் சீசா சுண்டுவிரல் உயரம்தான். ஒரு கப்பலுக்கு அப்படி எத்தனை சீசா வேண்டும் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. சீசாவை மூடியபிறகும் அந்த வாடை மூக்கிலேயே நின்றது.

திங்கட்கிழமை லீவ் சொல்லிவிட்டுக் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினாள். நோட்டுப் புத்தகக் கடைக்காரர் காய்ந்த ட்யூபைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஊட்டியில், பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு கடையில் விற்கிறார்கள் என்றார். அவர் சொன்ன விலைக்கு அவள் வாரம் முழுக்க வேலை செய்ய வேண்டும்.

பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அந்த வாடை மறுபடியும் வந்தது. நகப்பூச்சுச் சீசாவின் அதே வாடை. தகரக் கொட்டகை ஒன்றில், கேத்தியிலிருந்து வந்த காரட் லாரிக்கு ஒருவன் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க அக்கா, தள்ளி நில்லுங்க. சீலைல பட்டா போவாதுங்க," என்றான். வெள்ளியங்கிரி என்று பெயர். புளியம்பட்டிப் பக்கத்துக்காரன்.

மருதாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சட்டக் குச்சியைக் காட்டினாள். "இது இளகணும் தம்பி. எதுல இளகும்?"

அவன் குச்சியை வளைத்துப் பார்த்தான். "பிளாஸ்டிக்குங்களா? இதத் தின்னர்கிட்டக் காட்டவே கூடாதுங்க. எங்கூட்டுக்காரி சீப்ப ஒரு நா தெரியாம தின்னர் கிண்ணத்துல போட்டுட்டனுங்க. பல்லெல்லாம் ஒண்ணாப் போச்சு. இன்னிவரைக்கும் தல சீவறப்பல்லாம் பேச்சு வாங்கறேன்."

"அதுதான் எனக்கு வேணும்."

அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தான். அவள் கப்பலைப் பற்றிச் சொன்னாள். பங்கு போட்டதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "எல்லாருத்துக்கும் கிடைச்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டான்.

இரண்டு தகர டப்பாக்களைக் கொண்டுவந்தான். ஒன்று பெயிண்டில் கலக்கும் தின்னர். இன்னொன்று தூரிகை கழுவும் மட்டத் தின்னர். அதன் விலை பாதிதான். மருதாயி மட்டத்தையே முதலில் முயன்றாள். குச்சிகள் ஒட்டின, ஆனால் ஒட்டிய இடம் சுண்ணாம்புபோல வெளுத்து, தட்டினால் விட்டது. நல்ல தின்னரில் ஒட்டியதை அவளால் பிரிக்க முடியவில்லை. அவன் முயன்றான். குச்சி வேறொரு இடத்தில் ஒடிந்தது, ஒட்டிய இடத்தில் இல்லை.

"நல்லதே வாங்கிக்கங்க. கொஞ்சம் போதுமுங்க. மிச்சக் குச்சியெல்லாம் ஒடிச்சு அதுலயே போட்டு வையிங்க. கரைஞ்சு கூழாட்டம் ஆயிரும். வெடிப்பு, சந்துக்கெல்லாம் அதப் பூசுங்க. அப்புறம், மஞ்சு எறங்கற நேரத்துல ஒட்டாதீங்க. வெள்ளையாப் பூத்துரும். வெயில் பாத்து ஒட்டோணும். சன்னலத் தொறந்து வெச்சுக்கங்க, பக்கத்துல நெருப்பு ஆகாதுங்க."

ஒரு மருந்துச் சீசா நிறைய ஊற்றினான். அவள் காசைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அப்பறமாப் பிரிக்க முடியுமா தம்பி?"

"சீப்பப் பிரிக்க முடிஞ்சா நான் ஏனுங்க பேச்சு வாங்கறேன்?"

பஸ்ஸில் சீசாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாக்குக் கொடுத்த வாசல்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒட்டிவிட்டுப் பிறகு சொல்லலாம். படம் எடுத்து முடித்துப் பிறகு சொல்லலாம். கோபப்படுவார்கள். நாலு நாள் பேசமாட்டார்கள். அதற்குள் பால் வந்துவிடும். வளைவுக்கு வளைவு இதையே நினைத்தாள். கடைசி வளைவு திரும்பியபோது, முகாமில் மூன்று கம்பளி எடுத்தவரும் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று பட்டது.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடை மாட்டி வரிசையில் நின்றபோது சொன்னாள். "ஒட்டுனா பிரியாது. உங்க பங்கு திரும்பி வராது. நான் தப்பா வாக்குக் குடுத்துட்டேன். வேணாம்கிறவங்க இப்பவே வாங்கிக்கலாம்."

 முதலில் வேலாயி, "எங்க கொடிமரத்த எடுத்துக்க. நாடா கோக்க ஈர்க்குச்சி இல்லையா?" என்றாள். அய்யாவு கோழிக்குஞ்சுகளுக்குச் சிரட்டை போதும் என்றார். அரைஞாண் நங்கூரமும் வந்தது. தனபாக்கியம் மட்டும் தலையாட்டவில்லை.

"சாமிக்கு வச்சது. படத்துக்குத் தர்றேன். ஆனா எனக்குத் திரும்பி வந்தாகணும்."

வீரையா நேரே காம்பராவுக்குப் போய்த் தன் பாதியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.

புகைபோக்கி இல்லாமல் கப்பலைக் காட்டலாம். வயிறு இல்லாமல் எப்படிக் காட்டுவது?

மதியம் பிள்ளைகள் தூங்கியதும் சீசாவையும் ஒரு கோழி இறகையும் எடுத்துக்கொண்டு மருதாயி வீரையாவின் அறைக்குப் போனாள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. கப்பல் பாதியில் மறுபடியும் புகையிலை இருந்தது.

"புகையில வைக்க வேற டப்பா தரட்டுமா மாமா?"

"டப்பாவுக்கா நான் எடுத்துட்டு வந்தேன்?" அவர் வெடிப்புகளைத் தடவினார். "அங்க பதிஞ்சேன், தூதரகத்துல பதிஞ்சேன், கப்பல்ல ஏறுறப்ப, முகாம்ல, இங்க வந்து. எத்தன கைநாட்டு. எல்லாக் காகிதமும் அவனவன் ஆபீஸ்ல இருக்கு. எனக்குன்னு, ஒரு வீட்டுக்காரன்னு மதிச்சிக் குடுத்தது இது ஒண்ணு. ஒட்டிட்டா எது என்னுது, எது அய்யாவுதுன்னு யாருக்குத் தெரியும்?"

மருதாயி சீசாவைத் திறந்தாள். இறகை நனைத்து, அந்தப் பாதியின் உட்புறத்தில் ஒரு காசளவுக்குத் தடவினாள். கொஞ்சம் பொறுத்தாள்.

"கட்டைவிரல வையிங்க."

"என்னாத்துக்கு?"

"வையிங்க மாமா."

அவர் வைத்தார். பழக்கப்பட்ட விரல், எப்படி உருட்டி எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எடுத்தபோது சாம்பல் பிளாஸ்டிக்கில் ரேகை சுழித்துச் சுழித்துப் பதிந்திருந்தது. பால்கத்தி வெட்டிய பழைய தழும்புகூடக் குறுக்கே தெரிந்தது. வீரையா அதை வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"மை இல்லாமலே விழுதே," என்றார். பிறகு புகையிலையைத் துணியில் கொட்டினார்.

செய்தி சாயங்காலத்துக்குள் இரண்டு லயத்துக்கும் பரவிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து, தங்கள் துண்டின் உட்பக்கத்தில் விரல் பதித்துவிட்டுப் போனார்கள். எழுதத் தெரிந்தவர்கள்கூடக் கையெழுத்துப் போடவில்லை. விரலைத்தான் வைத்தார்கள். சின்னத் துண்டுக்காரர்கள் சுண்டுவிரலை வைத்தார்கள். அய்யாவு தன் மனைவியையும் வைக்கச் சொன்னதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. வீட்டுக்கு ஒரு விரல் என்று வீரையா தீர்ப்புச் சொன்னார்.

புதன்கிழமை உச்சிப்பொழுதுக்குத்தான் வெயில் வந்தது. பிள்ளைகளை மரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, வேலாயியைக் காவலுக்கு வைத்துவிட்டு, மருதாயி ஜன்னல்களைத் திறந்து போட்டாள். தொட்டில்மேல் தொங்கிய குச்சிகள் முந்தின நாளே, கொஞ்சம் தின்னரைப் பிரித்து ஊற்றிய இன்னொரு சீசாவுக்குள் போய்க் கூழாகியிருந்தன. சுவரிலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினாள். இறகால் விளிம்பில் ஒரு கோடு இழுப்பாள், மூச்சைப் பிடித்து முப்பது எண்ணுவாள், சேர்த்து அழுத்துவாள். வயிற்றின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் கூழைப் பூசியதும் வீரையாவின் வெடிப்புகள் மூடிக்கொண்டன. பின்பக்கம் கடைசித் துண்டு வைக்கும்போது மஞ்சு புகைபோல ஜன்னல் வழியாக வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் வெளுத்துப் பூத்தது. மேல்தளத்தில் அவளுடைய ஆட்காட்டி விரல் ஒருதரம் தவறிப் பட்டு நன்றாகப் பதிந்துவிட்டது. எத்தனை தேய்த்தும் போகவில்லை.

புகைபோக்கியை மட்டும் வீரையாவின் ரப்பர் பசையில், பெட்ரோல் நன்றாக ஆவியான பிறகு, பட்டும் படாமல் ஒட்டினாள்.

வியாழக்கிழமை வந்த வெள்ளைக்காரம்மா வயதானவள். மழைக்கோட்டைக் கழற்றாமலே தொட்டில் தொட்டிலாகக் குனிந்து பார்த்தாள். பால்மாவு டின்களைத் திறந்து, அளவு பார்த்து, மூடினாள். பிள்ளைகளைக் கப்பலைச் சுற்றி உட்காரவைத்தார்கள். கேமராவை எடுத்தவள், வாசலைப் பார்த்து நின்றுவிட்டாள். கொழுந்துக் கூடையோடு பெண்கள், அய்யாவு, வீரையா என்று லயமே வந்து நின்றது. பங்குள்ள கப்பலைப் படம் எடுக்கும்போது பங்குக்காரர்கள் வராமல் இருப்பார்களா?

அவள் கப்பலைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்ப்பதற்காகப் புகைபோக்கியைப் பிடித்தாள். அது அவள் கையோடு வந்துவிட்டது.

சில்வஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. "டிரான்ஸ்போர்ட்ல கொஞ்சம் டேமேஜ்," என்று இங்கிலீஷில் ஏதோ தொடங்கினார்.

வெள்ளைக்காரம்மா புகைபோக்கி இருந்த ஓட்டை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"உள்ள பூராவும் விரல் அடையாளமா இருக்கே, என்னன்னு கேக்கறாங்க," என்றார் சில்வஸ்டர் தாழ்ந்த குரலில். "எதாவது சொல்லு மருதாயி. பிள்ளைங்க விளையாட்டுன்னு சொல்லு."

மருதாயி வேலாயியின் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை. "நடந்ததச் சொல்லுங்க சார். பால் வந்தாலும் கம்பளி வந்தாலும் வீட்டுக்கு ஒரு பங்குதான் போடுவோம். இதுவும் வந்துச்சு, பங்கு போட்டோம். கப்பல்னு தெரியாது. நீங்க வர்றீங்கன்னதும் எல்லாரும் கொண்டாந்து குடுத்தாங்க. எது யாருதுன்னு தெரியணும்ல, அதுக்கு விரல் வச்சிருக்கு. அந்தப் புகைபோக்கி தனபாக்கியத்துது. அது அவ வீட்டுக்குப் போகணும்."

சில்வஸ்டர் வேறு வழியில்லாமல் சொன்னார்.  வெள்ளைக்காரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நிறையப் பேசினாள். சில்வஸ்டர் அதில் பாதியைத்தான் சொன்னார்.

"போற எடத்துல எல்லாம் பெட்டி ஆபீஸ் ரூம்ல பூட்டிக் கெடக்குமாம். இல்ல, பெரியவங்க வீட்டுல இருக்குமாம். கடைசி வீடு வரைக்கும் போயிட்டு வந்த சாமான இப்பத்தான் பாக்கறாங்களாம். பால் வரும். நிக்காது."

பெண்கள் யாரும் கை தட்டவில்லை. வேலாயி மூக்கைச் சிந்தினாள். தனபாக்கியம் முன்னால் வந்து, வெள்ளைக்காரம்மாவின் கையிலிருந்த புகைபோக்கியை வாங்கி, முந்தானையால் துடைத்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"படம் எடுக்கட்டும். அப்பறம் எடுத்துக்கிறேன்," என்றாள்.

படத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் விழுந்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம், பிள்ளைகளெல்லாம் போனபிறகு, வீரையா காம்பராவுக்கு வந்தார். சுவர் பலகைமேல் கப்பல் இருந்தது, புகைபோக்கி இல்லாமல். இரண்டு கையாலும் இறக்கி, விளிம்போடு விரலை ஓட்டினார். தன் பாதி எங்கே முடிகிறது, அய்யாவு பாதி எங்கே தொடங்குகிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டில் தெரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

"உன் பங்கு எது புள்ள? குச்சியெல்லாம் எங்க?"

"கரைச்சு ஒட்டிட்டேன் மாமா."

அவர் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேல்தளத்தில் தவறிப் பதிந்திருந்த விரலைக் கண்டுபிடித்தார். "இது யாரு? வெளியில வச்சிருக்கு?"

மருதாயி கழுவிக் கவிழ்த்திருந்த பால்மாவு டின் ஒன்றை எடுத்து நீட்டினாள். "புகையிலைக்கு."

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பால் வாடை அடிக்கும்."

"ரெண்டு நாள்ல போயிரும்."

"போனாப் போகுது," என்று டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், நின்றார். "அடுத்தது காலியானா அய்யாவுக்கு ஒண்ணு எடுத்து வை. குஞ்சுக்குத் தண்ணி வைக்கச் சிரட்டை பத்தலையாம்."